சோபாவா, சிட்டி ஸ்டேடியமா? பினாங்கில் காற்பந்து பார்க்கிறவர்களுக்கு ஓர் அலசல்

வீட்டில் உட்கார்ந்து டிவியில் காற்பந்து பார்ப்பதா, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போவதா? இந்தக் கேள்வியை இங்கிலாந்துக்காரன் கேட்டால் ஒரு கணக்கு, நாம் கேட்டால் வேறு கணக்கு. லிவர்பூலில் குடியிருப்பவன் வீட்டில் பார்த்தாலும் லிவர்பூல்தான், ஆன்ஃபீல்டுக்குப் போனாலும் லிவர்பூல்தான். பினாங்கில் கதை அப்படி இல்லை. டிவியைப் போட்டால் மான்செஸ்டர் யுனைடெட், அர்செனல், ரியல் மாட்ரிட். ஸ்டேடியத்துக்குப் போனால் பினாங்கு. சோபாவையும் சிட்டி ஸ்டேடியத்து இருக்கையையும் ஒப்பிடுகிறேன் என்று கிளம்புகிறவர், கடைசியில் ஐரோப்பாவையும் நம் ஊரையும் ஒப்பிட்டுவிட்டு, "டிவிதான் பெஸ்ட்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அது நியாயமில்லை. ஒரே ஆட்டத்தை இரண்டு இடத்திலிருந்தும் பார்த்தால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று பார்ப்போம்.

டிவி எங்கே ஜெயிக்கிறது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடலாம். 2016 பிப்ரவரி 16, சிட்டி ஸ்டேடியத்தில் பினாங்கும் பகாங்கும் மோதின. ஃபைஸ் சுப்ரி தூரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக் ஒரு பக்கம் போவதாகக் கிளம்பி, பாதி வழியில் புத்தி மாறி மறுபக்கம் திரும்பி வலைக்குள் போனது. அடுத்த ஆண்டு ஜனவரியில், சூரிக்கில், ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஷ்காஸ் விருது அதற்குத்தான். ஆசியர் ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் தடவை.

அந்தக் கோலை அன்று திடலில் இருந்தவர்கள் ஒரே ஒரு முறைதான் பார்த்தார்கள். அதையும் முழுசாகப் பார்த்தார்களா என்பது சந்தேகம். பந்து வளைந்தது இடம் வலமாக. நடுக்கோட்டுக்கு நேரே பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் பந்தின் வேகம் தெரியும், உயரம் தெரியும், அந்தத் திருப்பம் சரியாகத் தெரியாது. கோல்கீப்பர் தப்பான பக்கம் நகர்ந்து ஏமாந்ததை வைத்து ஏதோ நடந்துவிட்டது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். கோலுக்கு நேரே வைத்த கேமராதான் அந்த வித்தையை உலகத்துக்குக் காட்டியது. இன்றைக்குப் பினாங்கில் யாரைக் கேட்டாலும் "அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன்" என்பார்கள். சொல்கிற அத்தனை பேரும் இருந்திருந்தால் சிட்டி ஸ்டேடியம் என்ன, பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் 40,000 பேர் கொள்ளும் ஸ்டேடியமும் பத்தாது.

இன்னொன்று. 2010 டிசம்பர் 26, கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் ஸ்டேடியம். தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ண இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், மலேசியாவும் இந்தோனேசியாவும். நம் கே. ராஜகோபால்தான் மலேசியப் பயிற்றுநர். இரண்டாம் பாதியில் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடீரென்று ஆட்டத்தை விட்டுவிட்டு வெளியே நடந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குக் காரணம் உடனே புரிந்தது: கூட்டத்திலிருந்து யாரோ லேசர் ஒளியை அடிக்கிறார்கள், ஆட்டக்காரர் முகத்தில் பச்சைப் புள்ளி ஊர்கிறது. திடலில் இருந்த பல்லாயிரம் பேரில் பெரும்பாலோருக்கு, எதிரணி கோபித்துக்கொண்டு போகிறது என்பதற்கு மேல் என்ன தெரிந்திருக்கும்? சில நிமிடம் கழித்து ஆட்டம் தொடர்ந்து, மலேசியா மூன்று கோல் போட்டது. ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் தோற்றும் கிண்ணம் நமக்கு. அந்த மூன்று கோலுக்கும் புக்கிட் ஜாலிலில் எழுந்த சத்தத்தை எந்த டிவிப் பெட்டியும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்காது. ஆனால் ஆட்டம் ஏன் நின்றது என்ற விஷயத்தில் சோபாக்காரனுக்குத்தான் வெற்றி.

விஏஆர், அதாவது வீடியோவைப் பார்த்து நடுவரின் முடிவைச் சரிபார்க்கும் முறை, வந்த பிறகு இந்த இடைவெளி இன்னும் பெரிசாகிவிட்டது. நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். ஆஃப்சைடா, கைபட்டதா, தள்ளிவிட்டதா, ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் ஒன்று சொல்வார், பின்னால் இருப்பவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். வீட்டில் அதே நேரம் கோடு போட்டு, நிறுத்தி, பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். 2023 பெண்கள் உலகக் கிண்ணத்தில் நடுவரையே மைக்கில் முடிவை அறிவிக்கச் செய்தது ஃபிஃபா. காசு கொடுத்து உள்ளே வந்தவன் கடைசியாக விஷயம் தெரிந்துகொள்வது எவ்வளவு அபத்தம் என்று அவர்களுக்கே உறைத்திருக்க வேண்டும்.

சரி, இவ்வளவும் பந்து இருக்கும் இடத்தைப் பற்றிய பேச்சு. கேமரா பந்தின் வாலைப் பிடித்துக்கொண்டேதான் ஓடும். 22 பேரில் எந்த நேரமும் பாதிப் பேர் படத்தில் இருந்தால் பெரிது. மீதிப் பேர் என்ன செய்கிறார்கள் என்பதுதான் காற்பந்தில் பெரும்பங்கு. அதைப் பார்க்க நேரில் போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஒரு தடவை போனால் இதைச் செய்து பாருங்கள். பந்தை விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் நம் தற்காப்பு ஆட்டக்காரர்கள் நால்வரை மட்டும் பாருங்கள். பந்து எதிரணிப் பக்கம் போனதும் நடுவில் இருப்பவர் கையை உயர்த்தி ஏதோ கத்துவார். நான்கு பேரும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி முன்னே வருவார்கள். அதில் ஒருவர் மட்டும் இரண்டு அடி பின்தங்கினால், எதிரணி முன்கள ஆட்டக்காரர் அதை மோப்பம் பிடித்துவிடுவார். அதுவரை இடுப்பில் கைவைத்து, களைத்துப்போனவர் போல நடந்துகொண்டிருந்தவர் அந்த இடைவெளியை நோக்கி நழுவுவார். அடுத்த பாஸ் அங்கேதான். டிவியில் பார்க்கிறவருக்கு அது "திடீர்" கோல். மேல் வரிசையில் இருப்பவருக்கு அரை நிமிடத்துக்கு முன்பே வயிறு கலங்கத் தொடங்கியிருக்கும்.

கோல்கீப்பரும் அப்படித்தான். நம் பெரியவர்கள் இன்னும் ஆர். ஆறுமுகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், "ஸ்பைடர்மேன்" என்று நாடே கூப்பிட்ட மனிதர். பந்து பக்கத்தில் வந்தால்தான் டிவி கோல்கீப்பரைக் காட்டும். மற்ற எண்பது நிமிடமும் அவர் கத்துவதும், ஆட்களை இடம் மாற்றுவதும், முன்னால் வந்து நின்று பின்னால் போவதும் நேரில் போனவனுக்கு மட்டும்.

அதனால்தான், முதல் தடவை வருகிறவர்கள் கீழ் வரிசைக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கீழே ஆட்டக்காரரின் வியர்வை தெரியும், கால்கள் தெரியும், ஆட்டம் தெரியாது. மேலே ஏறுங்கள். ஆனால் இதையும் எல்லா ஸ்டேடியத்துக்கும் சொல்ல முடியாது. 1998 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டிய புக்கிட் ஜாலிலில் ஏறத்தாழ 87,000 பேர் உட்காரலாம். திடலைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் வேறு. உச்சி வரிசையில் இடம் கிடைத்தால் யார் யார் என்று முதுகெண்ணைக்கூடப் படிக்க முடியாமல் பெரிய திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதற்குப் பஸ் பிடித்துக் கோலாலம்பூர் வரை போவானேன்? இறுதியாட்டமென்றால் போகலாம், கூட்டத்துக்காக. சும்மா ஆட்டம் பார்க்க என்றால் சிட்டி ஸ்டேடியம் அளவில் இருப்பதுதான் கண்ணுக்குச் சௌகரியம்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. "ஹரியா பினாங், ஹரியா" என்று ஒரு மூலையில் ஆரம்பித்து மெயின் கிராண்ட்ஸ்டாண்ட் வரை வந்து சேரும்போது, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க உங்களால் முடியாது. நடுவர் ஒரு ஃபவுலைக் கொடுக்காமல் விட்டால் "காயு! காயு!" மலாயில் மரக்கட்டை என்று பொருள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோருக்கும் பொதுவான வசவு அது, ஒரு மரக்கட்டையை இவ்வளவு ஒற்றுமையாகத் திட்டும் இடம் நாட்டில் வேறு இல்லை. 2020-இல் கோவிட் காலத்தில் ஆளில்லாத திடலில் ஆடினார்களே, நினைவிருக்கிறதா? ஐரோப்பிய ஒளிபரப்புகளில் கூட்டத்தின் சத்தத்தைப் பதிவிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். பயிற்றுநர் கத்துவதும் பந்து உதைபடும் ஓசையும் மட்டும் கேட்டால் வீட்டில் பார்க்கிறவர்களுக்கே ஒப்பவில்லை. சோபாவில் இருப்பவரும் ஸ்டேடியத்துக்குப் போனவரின் தொண்டையைத்தான் கடன் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுப் பக்கம் இரண்டு தொல்லை. ஒன்று மழை. செயற்கைக்கோள் தட்டுக்கு வரும் அலை கனமழையில் வலுவிழந்துவிடும். அதாவது அக்டோபர், நவம்பரில் பினாங்கில் சாயங்காலம் கொட்டுகிற நேரம் பார்த்துப் படம் சதுரம் சதுரமாக உடையும். (ஸ்டேடியத்திலும் நனைவீர்கள்தான், ஆனால் ஆட்டம் உடையாது. இடி மின்னல் என்றால் மட்டும் நிறுத்துவார்கள்.) மழைக்குப் பயந்து இணையத்தில் பார்த்தால் மற்ற தொல்லை: தாமதம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தெரியும். உங்கள் திரையில் இன்னும் கார்னர் கிக் எடுக்கவே இல்லை, மேல்மாடியில் "கோல்!" என்று கூரை பறக்கும். அதற்குப் பிறகு என்ன பார்ப்பது?

காசு விஷயத்தில் நீண்ட கணக்கு வேண்டாம். லீக் ஆட்ட டிக்கெட் இரண்டு பேர் நன்றாக நாசி கண்டார் சாப்பிடுகிற காசுக்குள் அடங்கிவிடும். விளையாட்டு அலைவரிசைச் சந்தா, ஆட்டம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மாதாமாதம் போகும். ஸ்டேடியத்தில் வலிப்பது டிக்கெட் இல்லை, கார். ஜார்ஜ்டவுனில் ஆட்டத்தன்று நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும், திரும்பி வரும்போது உங்கள் காருக்குக் குறுக்கே இன்னொரு கார் நிற்கும். கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைத்திருந்தால் அதிர்ஷ்டம். பட்டர்வொர்த், பிறைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பாலத்து நெரிசல் தனி. மோட்டார் சைக்கிள்தான் நல்லது. கழிவறையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் வீட்டிலேயே போகச் சொல்லிக் கிளம்புங்கள். முழங்கால் வலிக்கும் தாத்தா பாட்டிக்கு வீடுதான், அதில் பேச்சே இல்லை.

இடையில் மூன்றாவதாக ஒரு கட்சி இருக்கிறது, மாமாக் கடை, நம் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. வீட்டின் திரை, ஸ்டேடியத்தின் கூட்டம், கையில் ஒரு தே தாரிக், எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் என்று பலர் அதையே சிறந்த வழி என்பார்கள். ஒரு சிக்கல் உண்டு.

"பாய், அந்த டிவியில மாத்துங்களேன், பினாங்கு ஆடுது."

"எம்யூ, மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம் முடியட்டும் தம்பி. கடையில எல்லாரும் அதத்தான் பாக்குறாங்க."

எல்லாரும் என்றால் எல்லாரும். 2021-இல் பினாங்கு, நாட்டின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்கில் மூன்றாவதாக வந்தது. மறு ஆண்டே கடைசி இடம். மேலே இருந்தபோதும் மாமாக் கடையில் அந்த டிவி மாறவில்லை, கீழே விழுந்தபோதும் மாறவில்லை. மலேசியக் கிண்ணத்தைக் கடைசியாக 1974-இல் தூக்கிய அணி இது, 2001-இல் லீக் வெற்றியாளர். நேரில் போகிறவனைத் தவிர வேறு யாருக்கும் இந்த ஏற்ற இறக்கம் உறைக்காது.

அதனால் என் கட்சி இது. ஐரோப்பிய ஆட்டத்துக்கு டிவி. வேறு வழியும் இல்லை, அவ்வளவு நல்ல படம் அங்கே போனாலும் கிடைக்காது. புக்கிட் ஜாலிலில் நடக்கும் சாதாரண ஆட்டத்துக்கும் டிவி. பினாங்கு சொந்தத் திடலில் ஆடினால் ஸ்டேடியம், மேல் வரிசை. காற்பந்து கற்றுக்கொள்ளும் பிள்ளை வீட்டில் இருந்தால் கண்டிப்பாக ஸ்டேடியம். பந்து காலில் இல்லாத நேரத்தில் எங்கே நிற்பது என்பதை டிவியைப் பார்த்து எந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளாது.

இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு யோசனை. நம் லீக் ஆட்டம் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு, பெரும்பாலும் 8 மணிக்கு மேல்தான் தொடங்கும். முடிய 10 மணி தாண்டும். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டம் அவர்கள் கோடைக் கடிகாரத்தில் இருக்கும்போது நமக்கு இரவு 10 மணி, அதனால் முதல் பாதி போய்விடும். அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் அதே ஆட்டம் நமக்கு 11 மணிக்கு வரும். குறுக்கே நிற்கிற காரை நகர்த்தச் சொல்லி, கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர அந்த நேரம் போதும். மார்ச் கடைசி வரைக்கும் இந்த வசதி உண்டு.