திறந்த குழுவா, அழைப்புக் குழுவா?

சின்ன இணையக் குழு நடத்துகிற யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்: லிங்க் கிடைத்தவர் எல்லாம் சேரலாம் என்று விட்டுவிடுவதா, இல்லை உள்ளே இருப்பவர் யாராவது கூட்டிவந்தால்தான் சேர்ப்பதா? இரண்டையும் நடத்திப் பார்த்துவிட்டு இப்போது அழைப்பு முறையில் இருக்கிறேன். ஆகவே என் பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

திறந்த குழு வேகமாக வளரும், ஸ்பாமும் வரும். அழைப்புக் குழு மெதுவாக வளரும். இதெல்லாம் தெரிந்த கதை, ஸ்பாமை நீக்க ஒரு நொடி போதும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு. இங்கே எப்படிப் பேசுவார்கள் என்று புதியவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? திறந்த குழுவில் அது யார் வேலையும் இல்லை, கடைசியில் அட்மின் தலையில்தான் விழும். குழுவின் மேலே நிலையாக ஒட்டி (பின் செய்து) வைத்த விதிகளை யார் படிக்கிறார்கள்? புதியவர் கண்ணில் படுவது கடைசி இருபது முப்பது பதிவுகள், அவற்றை எழுதியவர்களும் போன வாரம் சேர்ந்தவர்கள் என்றால் முடிந்தது கதை. ஒருவர் காலை வணக்கப் படம் போடுவார், மரியாதைக்கு இரண்டு பேர் கைகூப்புவார்கள், நாலாம் நாள் சேர்பவருக்கு அதுவே குழுவின் வழக்கம். இன்னொரு பக்கம், ஒரு கேள்விக்கு நாலு பத்தி பொறுமையாக எழுதிய பழைய ஆள், அதே கேள்வி திரும்ப வந்ததும் பழைய பதிலின் லிங்க்கைப் போடுவார், அப்புறம் "தேடிப் பாருங்கள்" என்பார், அப்புறம் பேசவே மாட்டார். வெளியேறவும் மாட்டார் என்பதால் உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் வலையமைப்பில் நடந்ததும் இதுதான். செப்டம்பர்தோறும் கல்லூரிகளின் புது மாணவர்கள் வந்து குவிவார்கள், பழையவர்கள் திட்டியும் சொல்லியும் கொஞ்ச நாளில் வழிக்குக் கொண்டுவருவார்கள். ஏஓஎல் போன்ற இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை உள்ளே விட்ட பிறகு வரத்து நிற்கவே இல்லை. 1993 செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்ற கிண்டல் அப்படிப் பிறந்தது. சொல்லிக்கொடுக்க இடைவெளியே கிடைக்கவில்லை.

அழைப்பு முறை அந்த இடைவெளியையும் தருகிறது, சொல்லிக்கொடுக்க ஓர் ஆளையும் தருகிறது. லாப்ஸ்டர்ஸ் என்ற கணினித் தொழில்நுட்ப விவாதத் தளத்தில் யார் யாரை அழைத்தார் என்ற பட்டியல் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. புதியவர் சறுக்கினால் அழைத்தவர் தனியாக ஒரு செய்தி அனுப்பிவிடுவார்: "வெறும் ஸ்க்ரீன்ஷாட் போடாதீங்க, என்ன பிரச்சினைன்னு ஒரு வரி எழுதுங்க." இதையே அட்மின் எல்லோர் முன்னாலும் சொன்னால் அந்த மனிதர் அப்புறம் வாயே திறக்கமாட்டார்.

குறை இல்லாமல் இல்லை. அழைப்பவர்கள் தங்களைப் போன்றவர்களையே கூட்டிவருகிறார்கள், இரண்டு வருடத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேச ஆரம்பிக்கிறார்கள். விக்கிப்பீடியா இப்படி ஆரம்பித்திருந்தால் வளர்ந்தே இருக்காது. ஆனால் அங்கேயும், 2007-க்குப் பிறகு ஆங்கிலப் பதிப்பில் தொடர்ந்து எழுதுவோர் குறைந்ததற்கு, புதியவர்களின் திருத்தங்களைச் சட்டென்று நீக்கிவிடுவதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வந்தவரை முறைத்தால் என்ன பயன்?

மெட்டாஃபில்டர் என்ற விவாதத் தளம் செய்த மாதிரி 5 டாலர் வாங்கிக்கொண்டு சேர்க்கும் முறையும் உண்டு. நான் நடத்திப் பார்க்காததால் அடித்துச் சொல்லமாட்டேன். ஆயிரம் பேரைத் தாண்டிய குழுவுக்கு அழைப்பு முறை தாங்குமா என்பதிலும் எனக்கு அனுபவம் இல்லை. எங்கள் அளவுக்கு, பேச்சு மந்தமானால் ஆளுக்கு ஓர் அழைப்பு கூடுதலாகக் கொடுக்கிறோம், சலசலப்பு கூடினால் ஒரு மாதம் நிறுத்திவைக்கிறோம்.