கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் முதியோரும் மாணவரும் சேர்ந்து தங்கும் இல்லம்

முதியோருக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் ஒரே மாடியில் அறைகளை வாடகைக்கு விடும் இல்லம் ஒன்றில் என் பெரியம்மா கடந்த ஆண்டு முதல் தங்கியிருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனி வீட்டைப் பராமரிக்க முடியாமல் அவரே விரும்பி எடுத்த முடிவு இது. அடிக்கடி போய்வந்து பார்த்தவரையில், இந்த இல்லத்தைத் திட்டமிட்டவர்கள் பகல் பொழுதை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். இரவைப் பற்றி யோசிக்கவில்லை.

இடத்தேர்வைப் பாராட்ட வேண்டும். பக்கத்திலுள்ள கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் எல்ஆர்டி எனும் இலகு ரயிலில் ஏறினால் நான்காவது நிலையம் யுனிவர்சிட்டி. மலாயாப் பல்கலைக்கழகத்திற்குப் போகும் மாணவர்களும், அதன் மருத்துவமனைக்குச் சோதனைக்குச் செல்லும் முதியவர்களும் அங்கேயே இறங்கி இணைப்புப் பேருந்தைப் பிடிக்கலாம். மருத்துவமனைக்குப் போகும் நாளில் பெரியம்மா பக்கத்து அறை மாணவியின் வகுப்பு நேரத்தைக் கேட்டுக்கொண்டு அவளுடனேயே புறப்பட்டுவிடுகிறார். ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலுக்கும் அவரால் நடந்தே போக முடிகிறது. நடைபாதையில் நிறுத்தப்பட்டிருக்கும் மோட்டார் சைக்கிள்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதுதான் தொல்லை.

பொதுச் சமையலறை என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. நின்று சமைப்பவருக்கு ஒரு மேடையும், நாற்காலியில் அமர்ந்து காய் நறுக்குபவருக்குத் தாழ்வான இன்னொரு மேடையும் இருக்கின்றன. சைவத்திற்கென்று அடுப்பும் பாத்திரங்களும் தனி. எந்த அறைக்குப் போவதானாலும் சமையலறை மேசையைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால், ஒருவர் இரண்டு நாள் கண்ணில் படாவிட்டால் மற்றவர்கள் கவனித்துவிடுகிறார்கள். மாலையில் பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்க, கெடாவிலிருந்து வந்த அந்த மாணவி அதே மேசையில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, 'பாட்டி, இந்தத் தண்டையும் போடலாமா?' என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

குளியலறைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கதவு உட்புறமாகத் திறக்கிறது. உள்ளே வழுக்கி விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடந்தால், வெளியிலிருந்து தள்ளுபவரால் திறக்க முடியாது. திறந்தாலும் விழுந்தவர் மீதே அது இடிக்கும். வாசலில் கால் தடுக்கும் அளவுக்கு ஒரு மேடும் இருக்கிறது. அழைப்பு மணி கட்டிலருகே மட்டுமே உள்ளது. இரவில் பாதுகாவலர் கீழ்த்தளத்தில் இருப்பதால், அதை அழுத்தினாலும் அவருக்குக் கேட்பதில்லை. நான் முறையிட்ட பிறகு நிர்வாகம் சுவரில் கைப்பிடி பொருத்தித் தந்தது, கதவை மாற்றவில்லை. மலேசிய மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் 2030 வாக்கில் 60 வயதைக் கடந்திருப்பார்கள் என்று கணிக்கப்பட்டிருக்கும்போது, முதியோருக்கென்றே விளம்பரம் செய்யும் கட்டடத்தில் இதை வரைபடத்திலேயே கவனித்திருக்க வேண்டாமா?

இன்னொரு குறை வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. நெதர்லாந்தின் டெவென்டர் நகரிலுள்ள ஹியூமானிட்டாஸ் முதியோர் இல்லத்தில், மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டாராக இருப்பதற்கு ஈடாக மாணவர்கள் வாடகையின்றித் தங்குகிறார்கள். கொடுப்பதும் பெறுவதும் இன்னதென்று அங்கே தெளிவாக இருக்கிறது. இங்கே மாணவர்களுக்கு வாடகையில் கழிவு தருகிறார்கள், ஆனால் ஒப்பந்தத்தில் 'இயன்ற உதவி' என்று மட்டுமே எழுதியிருக்கிறது. தேர்வு வாரத்தில் மருந்து வாங்கி வரச் சொன்னால் மறுக்கலாமா கூடாதா என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை, கேட்கலாமா என்று பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. இருவருக்கும் நல்ல மனம் இருப்பதால் இதுவரை சண்டை வரவில்லை. ஆனால் நிர்வாகம் அதை நம்பியே இல்லத்தை நடத்தக் கூடாது.

தாமாக எழுந்து நடமாடக்கூடிய முதியவர்களுக்கும், சத்தமில்லாத அறை தேடும் மாணவர்களுக்கும் இந்த இல்லத்தை நான் பரிந்துரைக்கிறேன். இரவில் துணை வேண்டியவர்களுக்கு இப்போதைக்கு இது ஏற்றதல்ல. அறை பார்க்கப் போகிறவர்கள் குளியலறைக் கதவை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, உதவிக்கான மணிக்கணக்கை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள்.