இரண்டாயிரம் தட்டு: குதிகால் வலிக்கு நொவீனாவில் செய்துகொண்ட அதிர்வலைச் சிகிச்சை

தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுத்தது 2025இல் ஆறாவது முறை. இங்கே சிங்கப்பூரில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு நடந்தும் அதற்கு முன்பு கால் ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. இம்முறை பிடித்தது. முருகன் மேல் பழி இல்லை, என் மேல்தான். இருபது ஆண்டுகளாக இரண்டு அங்குலக் குதி வைத்த காலணியோடு வகுப்பறையில் நின்றவள், விரதம் தொடங்கிய வாரமே பீஷான் பூங்காவில் நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் செருப்பில்லாமல் நடக்க ஆரம்பித்தேன். குதி உயர்ந்தே இருந்து பழகிய காலைத் திடீரென்று தரையில் இறக்கிவிட்டால், கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு பிணைக்கும் நாண்தான் இழுபடும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

பூசம் முடிந்து இரண்டு வாரத்தில் காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் முதல் இருபது நிமிடம் வாத்து நடை. குதிக்கு நான்கு விரல் மேலே, விரலால் கிள்ளிப் பார்த்தால் புளியங்கொட்டை அளவில் ஒரு தடிப்பு. “நரம்பு சுருட்டிக்கொண்டது” என்று அம்மா தைலம் தேய்த்தார். தமிழாசிரியை என்பதால் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை: நம்மவர்களுக்கு உடம்பில் வலிக்கும் எல்லாமே நரம்புதான். இது நரம்பு அல்ல, தசைநாண். குதிகால் நாண், அக்கிலீஸ் நாண். அம்மா கேட்டுக்கொண்டார்; மறுநாளும் நரம்பு என்றே சொன்னார்.

இரண்டு இடங்களுக்குப் போனேன். இரண்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. முதலாவதைத் திட்டப்போகிறேன். இரண்டாவதை மட்டும் பெயர் சொல்லிப் புகழ்ந்தால் காசு வாங்கிக்கொண்டு எழுதினேன் என்பீர்கள்.

முதல் இடம் வீட்டுக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில் இருந்தது. நுழைந்த பத்தாவது நிமிடத்தில் அதிர்வலைச் சிகிச்சை, பத்துத் தடவைக்கான தொகுப்பு, 980 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். காலைத் தொட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. ஒவ்வொரு தடவையும் வேறொருவர் வந்தார், கருவியை வைத்தார், கைப்பேசியைப் பார்த்தார், போனார். வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று கேட்டதற்கு “ஓய்வு” என்ற ஒரே சொல். நான்கு தடவைக்குப் பிறகு போவதை நிறுத்தினேன். மீதிப் பணம் திரும்பி வரவில்லை. அந்த ரசீதை இன்னும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன், எனக்கே புத்தி சொல்ல.

இரண்டாவது இடம் நொவீனாவில், ஜூலையில். பிசியோதெரபிஸ்ட் முப்பது வயதைத் தாண்டாத சீன இளைஞர். என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார், மன்னித்தேன். முதல் நாள் முக்கால் மணி நேரம் கருவியைத் தொடவே இல்லை. நாணை மேலிருந்து கீழாக அழுத்திப் பார்த்தார். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிழிந்தார். பாதம் அசைகிறதா என்று பார்ப்பதற்காம், நாண் அறுந்திருந்தால் அசையாது. ஒற்றைக் காலில் எத்தனை முறை எக்கி நிற்க முடிகிறது என்று எண்ணினார். நல்ல கால் 22, வலிக்கும் கால் 7. பிறகு கேள்விகள்: இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறீர்களா, அந்த இடத்தில் அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டீர்களா, சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி எடுத்தீர்களா? கடைசிக் கேள்வி எனக்குப் புதிது. அந்த வகை மருந்து தசைநாணைப் பாதிக்கக்கூடும் என்றார்.

வலி குதி எலும்போடு நாண் ஒட்டுகிற இடத்திலா, அதற்கு மேலே நடுப்பகுதியிலா என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டும், பயிற்சியே அதைப் பொறுத்து மாறும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. எனக்கு நடுப்பகுதி.

இனி கருவி. அதிர்வலைக்கு ஆங்கிலத்தில் ஷாக்வேவ் என்று பெயர். ஷாக் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா “காலில் கரண்டு வைக்கிறார்களா?” என்று பதறினார். கரண்டு இல்லை. கைப்பிடிக்குள்ளே அழுத்தப்பட்ட காற்று ஓர் உலோகக் குண்டைத் தள்ளுகிறது. அது முனையில் போய் மோதுகிறது, அந்த அதிர்வு தோல் வழியாக உள்ளே இறங்குகிறது. உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பும் வைத்தியம் 1980இல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைப்பதில் தொடங்கியது. என் அப்பாவுக்கும் ஒருமுறை அப்படித்தான் கல்லை உடைத்தார்கள் என்று சொன்னேன். அந்த இளைஞர் சிரித்தார். இங்கே எதையும் உடைக்கப்போவதில்லை, இரத்த ஓட்டம் குறைவான திசுவைச் சீண்டிவிட்டு மறுபடி ஆறவைக்கும் முயற்சி என்றார்.

குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, குளிர்ந்த களிம்பைத் தடவினார். பிறகு சத்தம். பழைய தையல் இயந்திரத்தை யாரோ கோபத்தோடு மிதிப்பதுபோல். நொடிக்கு 10 தட்டு, மொத்தம் 2,000. மூன்று நிமிடம் இருபது நொடிதான். முதல் நிமிடம் பல்லைக் கடித்தேன். “பத்துக்கு எவ்வளவு வலி?” என்று அவ்வப்போது கேட்டார். வாழ்நாளெல்லாம் மாணவர்களுக்கு மதிப்பெண் போட்டவளிடம் கேட்கும் கேள்வியா? எட்டு என்றேன். அழுத்தத்தைக் குறைத்தார். ஐந்து, ஆறு என்ற அளவில் நிறுத்தி, மெல்ல ஏற்றிக்கொண்டு போனார். முதல் இடத்தில் யாரும் இதைக் கேட்டதே இல்லை. அங்கே எனக்கு ஒன்றுமே வலிக்கவில்லை, அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றும் மறுநாளும் கால் கனத்தது. வலி தாங்காவிட்டால் பாரசெட்டமால் போட்டுக்கொள்ளலாம், ஐபுப்ரோஃபென் போன்ற, அழற்சியைக் குறைக்கும் மருந்து வேண்டாம் என்றார். ஆறுவதற்காகத் தூண்டிவிட்டதை நாமே அமர்த்தக்கூடாதாம்.

வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. கட்டணம்: முதல் நாள் பரிசோதனை 160 வெள்ளி, சிகிச்சை ஒன்றுக்கு 120. 9 விழுக்காடு பொருள் சேவை வரியோடு மொத்தம் 566 வெள்ளி 80 காசு. மலிவில்லை. சொன்ன நேரத்துக்கு உள்ளே போனதும் இல்லை. ஒரு சனிக்கிழமை நாற்பது நிமிடம் காத்திருந்து ஒரு வகுப்பின் கட்டுரைகளைத் திருத்தி முடித்தேன்.

ஆனால் உண்மையான வேலை வீட்டில். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் மேலே எக்கி, வலிக்கும் காலில் மட்டும் மெதுவாகக் கீழே இறங்கவேண்டும். முழங்காலை நீட்டி 15 வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. நாளுக்கு 180, பன்னிரண்டு வாரம். எங்கள் புளோக்கின் பதினோராவது மாடிப் படிக்கட்டில் செய்தேன். எதிர்வீட்டு மக்சிக் (மூத்த மலாய்ப் பெண்களை இப்படித்தான் கூப்பிடுவோம்) முதல் வாரம் மின்தூக்கி கெட்டுவிட்டதா என்று கேட்டார். இரண்டாவது வாரத்திலிருந்து எனக்காக எண்ணத் தொடங்கினார், மலாயில். அவர் எண்ணினால் ஏமாற்ற முடியாது. வலி குறையக் குறையச் சுமை ஏற்றச் சொன்னதால், மகனின் பழைய பள்ளிப்பையில் ஐந்து கிலோ பச்சரிசியை வைத்து முதுகில் மாட்டிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை முடிந்த அன்று என்னிடம் பெரிய மாற்றம் இல்லை, ஏமாற்றமாகவே வீடு திரும்பினேன். ஆறாவது வாரம் காலை விறைப்பு ஐந்து நிமிடமாகக் குறைந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் ஒற்றைக் காலில் 19 முறை எக்கினேன். தடிப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் கிள்ளினால் வலிப்பதில்லை.

கருவியால் சரியானதா, படிக்கட்டாலா? என் ஒரு காலை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. 2009இல் ஒரு ஜெர்மானிய மருத்துவர் குழு இதே நடுப்பகுதி வலிக்காரர்கள் 68 பேரிடம் சோதித்தது. பயிற்சியோடு அதிர்வலையும் பெற்றவர்கள், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நான்கு மாதத்தில் நன்றாக இருந்தார்கள். பயிற்சியே இல்லாமல் கருவியை மட்டும் விற்ற இடத்துக்கு நான் போட்ட பூஜ்யத்தை மாற்றுவதாக இல்லை. நொவீனாவுக்குப் பத்துக்கு எட்டு. காத்திருக்கவைத்ததற்கு ஒன்று, ஆன்ட்டிக்கு ஒன்று குறைத்திருக்கிறேன்.

நான்காவது தடவைக்கு நானே முன்பதிவு கேட்டேன். வேண்டாம், படிக்கட்டை விடாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். அக்டோபரில் பன்னிரண்டு வாரமும் முடிந்ததும், பையிலிருந்த அரிசியை அம்மா எடுத்துக் கழுவிக் காயவைத்துத் தீபாவளி முறுக்குக்கு அரைத்துவிட்டார். மக்சிக்குக்கு ஒரு டப்பா கொடுத்தோம்.