வயர்லெஸ் செட்டை மட்டும் கழட்டிக் கொடுத்து ஏமாந்த கதை

கோத்தகிரியில பச்சைத் தேயிலை ஏத்துற பிக்கப் வச்சிருக்கேன். ஃபேக்டரி எடுத்த லைசென்ஸ்ல ஓடுற வி.எச்.எஃப் வயர்லெஸ் செட் ஒண்ணு வண்டியில இருக்கு. கோடநாடு பக்கம் போன் டவர் எடுக்காத வளைவுல எங்களுக்கு அதுதான் வாய். எந்த எடை மேடையில மூட்டை காத்துக்கிடக்குதுன்னு தெரியாம ஒரு நடை தப்பினா, மூட்டைக்குள்ள இலை சூடேறிச் சிவந்துடும். அப்புறம் ஃபேக்டரியில விலையும் இறங்கும், வசவும் விழும்.

ஐப்பசி மழை ஆரம்பிச்சப்ப தகராறு வந்துச்சு. நான் பேசுறது யாருக்கும் சரியா கேக்கல. ரெண்டு வளைவு தாண்டினா சுத்தமா இல்ல. கோயம்புத்தூர்ல ஒரு சர்வீஸ் கடைக்கு போன் போட்டேன். "வண்டியெல்லாம் எதுக்குங்ண்ணா, செட்டை மட்டும் கழட்டி பஸ்ல போட்டு விடுங்க"ன்னாங்க. மலை இறங்குற டீசல் மிச்சம்னு எனக்கும் சந்தோஷம்.

ஒன்பது நாள் கழிச்சு செட் வந்துச்சு. பில் 8,400 ரூபாய். பவர் மாட்யூல் (சிக்னலுக்கு வலு கொடுத்து ஏரியலுக்கு அனுப்புற பாகம்) போயிருந்துச்சாம், புதுசு போட்டாங்களாம். கூடவே பளபளன்னு ஒரு குட்டி ஏரியல் கம்பி, வண்டிக் கூரையில ஒட்டியிருக்கிற பழைய மேக்னட் அடியிலயே திருகிக்கலாமாம். மாட்டிப் பேசினா முன்னைவிட மோசம். ரெண்டாவது வளைவு வரைக்கும்கூடப் போகல. திரும்பக் கேட்டதுக்கு, "உங்க ஊர் மிஸ்ட்டுக்கு சிக்னல் அப்படித்தாங்ண்ணா இருக்கும், 50 வாட் செட் வாங்கிடுங்க"ன்னு ஒரு பதில்.

வெலிங்டன் பக்கம் ராணுவத்துல சிக்னல் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் இருக்கார், ஹாம் லைசென்ஸும் (பொழுதுபோக்கா வயர்லெஸ்ல பேசுறவங்களுக்கானது) வச்சிருக்கார். மிஸ்ட் கதையைச் சொன்னதும் சிரிச்சுட்டார். "தம்பி, இந்த அலைக்கு மூடுபனி ஒண்ணும் செய்யாது. மறைக்கிறது மலை. 25 வாட்டை 50 ஆக்கினா மலை நகருமா?"

முதல்ல செட்டைத் தனியா தன் பவர் சப்ளையில ஓட்டி, ஏரியல் கேபிளைச் செட்டுல இருந்து கழட்டிட்டு, அந்த இடத்துல டம்மி லோடு (ஏரியலுக்குப் பதிலா பவரை வாங்கிச் சூடா மாத்துற கருவி) மாட்டி வாட் மீட்டர்ல பார்த்தார். 24 வாட். செட் நல்லாத்தான் இருக்கு. மறுபடி ஏரியலை மாட்டினா, போற பவர்ல பாதிக்கு மேல திரும்பி வருது. எங்க செட் ஓடுறது 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதுக்குக் கால் அலைக் கம்பி, அதாவது அலை நீளத்துல கால் பங்கு, அரை மீட்டர் வரணும். கடைக்காரங்க கொடுத்தது ஒரு சாண்கூட இல்ல, 450 பக்கம் ஓடுற செட்டுக்கானது. என் பழைய கம்பியைத் தூக்கிப் போடாம வச்சிருந்தது நல்லதாப் போச்சு. ஆனா அதை மாட்டியும் மீட்டர் அடங்கல. கேபிளை விரலால தடவிக்கிட்டே வந்தவர் கதவு இடுக்குல நிறுத்தினார். தினமும் கதவுல நசுங்கி உறை கிழிஞ்சு, உள்ள மழைத்தண்ணி போய் செம்புப் பின்னல் பச்சை பூத்துக் கிடந்துச்சு. செட்டை மட்டும் அனுப்பினா இதெல்லாம் எவன் கண்ணுல படும்?

இன்னொண்ணு என் தப்பு. சிகரெட் லைட்டர் சாக்கெட்ல இருந்து கரண்ட் எடுத்திருந்தேன். சும்மா இருக்கறப்ப 12.6 வோல்ட், மைக் பட்டனை அமுக்கினா 10.4. பேட்டரியில இருந்து நேரா தடிமனான ஒயர் இழுத்து ஃபியூஸ் போட்டார்.

குரல் கம்மியா இருந்ததுக்கு முதல் காரணம் கேக்கவே வெட்கமா இருக்கும், மைக் ஓட்டையில தேயிலைத் தூசி. குண்டூசியும் பிரஷ்ஷும் போதும். சர்வீஸுக்கு அப்புறம் இன்னும் கம்மியானது கடைக்காரங்க புண்ணியம். எங்க ஃபேக்டரி செட்டெல்லாம் 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல்ல இருக்கு. இதை மட்டும் 12.5-ல ப்ரோக்ராம் பண்ணி அனுப்பியிருக்காங்க. அப்படிப் பேசினா எதிர் செட்டுல குரல் பாதியாத்தான் விழும், கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி. ஃபேக்டரி ஆபீஸ்ல செட்டோட பழைய ப்ரோக்ராம் ஃபைல் இருந்ததால அதையே திருப்பி ஏத்தினோம்.

கடைசியா மூடியைத் திறந்து காட்டினார். பவர் மாட்யூலைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ மேல கம்பெனி வச்ச சிவப்பு பெயிண்ட் பொட்டு உடையவே இல்ல. யாரும் தொடாத மாட்யூலுக்குத்தான் காசு கொடுத்திருக்கேன்.

போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். "வேற பையன் பார்த்ததுங்ண்ணா, அவன் இப்ப வேலையில இல்ல." கழட்டின பழைய மாட்யூல்? "குப்பைக்குப் போயிருச்சுங்க." சர்வீஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தனை வாட் காட்டிச்சுன்னு கேட்டேன், போனை வச்சுட்டாங்க. இதை மட்டும் பில்லுக்குக் காசு எண்ணுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, முடிஞ்சா வண்டியோட போய் நின்னு மீட்டரைப் பார்த்துடுங்க.

கேபிள், ஒயர், ஃபியூஸ் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 900 ரூபாய். பெரியவர் ஒரு டீக்கு மேல எதுவும் வாங்கல. அந்தக் குட்டி ஏரியல் டேஷ்போர்டு மேலயே கிடக்கு, 450 மெகாஹெர்ட்ஸ் செட் யாராவது வச்சிருந்தா சும்மாவே எடுத்துக்கிட்டுப் போகலாம்.