ஓ.டி. டெக்னீஷியன்: ஓராண்டுச் சான்றிதழா, டிப்ளமோவா, பி.எஸ்ஸி.யா?

ஆபரேஷன் தியேட்டர் வேலைக்குப் போக நினைக்கும் பிளஸ் டூ மாணவருக்குத் தமிழ்நாட்டில் மூன்று வாசல்கள். அரசு மருத்துவக் கல்லூரிகள் நடத்தும் ஓராண்டு தியேட்டர் டெக்னீஷியன் சான்றிதழ் ஒன்று. தனியார் தரும் ஈராண்டு டிப்ளமோ இன்னொன்று. மூன்றாவது, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. ஆபரேஷன் தியேட்டர் மற்றும் அனஸ்தீசியா டெக்னாலஜி: மூன்றாண்டு வகுப்பு, ஓராண்டு கட்டாய இன்டர்ன்ஷிப்.

சான்றிதழ் படிப்பின் பலம், சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தியேட்டருக்குள் நிற்கலாம் என்பது. பெரிய அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன், எலும்பு முறிவு, குடல்வால் என்று ராத்திரி பகல் பார்க்காமல் கேஸ் வரும். கை தானாகப் பழகிவிடும். ட்ரம் கட்டுவது (துணி, கருவிகளை உலோக டப்பாவில் அடுக்குவது), அதை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமி நீக்கும் மெஷினில் 121 டிகிரியில் வைப்பது எல்லாம் முதலில் வந்துவிடும். ஆனால் பொட்டலத்தில் ஒட்டும், சூட்டில் நிறம் மாறும் டேப்பில் கோடு கறுத்துவிட்டால் கருவி சுத்தம் என்று நம்புகிறவர்களை இங்கேதான் அதிகம் பார்க்கிறேன். பொட்டலம் சூட்டில் இருந்தது என்பதற்கு மட்டுமே அந்தக் கோடு சாட்சி. கிருமி செத்ததற்கு அல்ல. அதைச் சொல்லிக்கொடுக்க ஓராண்டில் நேரம் கிடைப்பதில்லை. அனஸ்தீசியா டெக்னீஷியனுக்கு ஓராண்டுப் படிப்பு தனியாக இருப்பதால் மயக்க மருந்துப் பக்கமும் மேலோட்டம்தான்.

செலவு குறைவு. எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வெளியிட்ட தியேட்டர் அசிஸ்டென்ட் அறிவிப்புகளில் கேட்கப்பட்டதும் இந்த ஓராண்டுச் சான்றிதழைத்தான். ‘நான் டிகிரி, அதற்கு மேலே படித்தவன்’ என்று நினைப்பவர்கள் கல்வித் தகுதி வரியை இரண்டு முறை படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பி.எஸ்ஸி.யில் முதல் வருஷம் பெரும்பாலும் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல். பத்திரமாக வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். தியேட்டர் ஆசையோடு வந்த பிள்ளைகள் சலித்துப்போவார்கள். பலன் பிறகு தெரியும். காலிரண்டையும் தூக்கி வைக்கும் லித்தாட்டமி பொசிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், காலைத் தாங்கும் கம்பியில் அழுந்தினால் அங்கே ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டு, நோயாளியால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். சான்றிதழ் படித்தவரும் பஞ்சு வைப்பார், சீனியர் வைக்கச் சொன்னதால். எந்த நரம்பு என்று தெரிந்தவர், டேபிளைச் சாய்த்த பிறகு இன்னொரு தடவை குனிந்து பார்ப்பார். காலையில் மயக்க மருந்து மெஷினைச் சோதிப்பதும் அப்படித்தான், காரணம் தெரிந்து செய்ய வேண்டிய வேலை: லீக் இருக்கிறதா, கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் நிறம் மாறிவிட்டதா, சக்‌ஷன் இழுக்கிறதா, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சர்ஜன் கையில் கருவி எடுத்துக் கொடுக்கும் ஆசையோடு வருகிறவர்கள், நம் ஊரில் பல ஆஸ்பத்திரிகளில் ஸ்க்ரப் நிற்பது, அதாவது கை கழுவி கவுன் போட்டு சர்ஜன் பக்கத்தில் கருவி கொடுக்க நிற்பது, ஸ்டாஃப் நர்ஸ்தான் என்று தெரிந்ததும் முகம் வாடுகிறார்கள். டெக்னீஷியன் மெஷின், பொசிஷன், காட்டரி (மின்சாரத்தால் ரத்தக் கசிவை நிறுத்தும் கருவி), சி-ஆர்ம் (தியேட்டருக்குள் வைக்கும் எக்ஸ்ரே மெஷின்) பக்கம் இருப்பார். அமெரிக்காவில் சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட் என்றால் முக்கியமாக ஸ்க்ரப் நிற்பவர். ஆனால் அங்கே அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்து சி.எஸ்.டி. என்ற தகுதிச் சான்றுத் தேர்வு எழுதுவதுதான் வழக்கமான வழி. நம் பி.எஸ்ஸி.யைக் காட்டி நேராக உள்ளே போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டிப்ளமோவைப் பற்றிப் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது. மருத்துவமனையே நடத்தும் நல்ல டிப்ளமோக்கள் உண்டு. மாடிப்படிக்கு மேல் இரண்டு அறை வைத்து நடத்துவதும் உண்டு. அப்படி ஓர் இடத்தில் முடித்து எங்களிடம் வந்த ஒரு பையனுக்கு மாப் கவுண்ட் என்றால் என்னவென்றே தெரியவில்லை. மாப் என்பது வயிற்றை மூடும் முன் எண்ணிச் சரிபார்க்க வேண்டிய துணி. பையன் மேல் தப்பில்லை, ஆஸ்பத்திரியையே அவனுக்குக் காட்டவில்லை.

சட்டத்தையும் கணக்கில் எடுங்கள். 2021-இல் வந்த தேசிய அளவிலான துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம், துணை மருத்துவப் பணியாளர் என்பதற்கு டிப்ளமோ அல்லது டிகிரி, 2 முதல் 4 ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் என்று அளவு வைத்திருக்கிறது. ஓராண்டுச் சான்றிதழ் இந்த அளவை எட்டாது.

என்னைக் கேட்டால், வீட்டில் நான்கு வருஷம் தாங்கும் என்றால் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோடு சேர்ந்த இடத்தில் பி.எஸ்ஸி. சீக்கிரம் சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால் அரசுச் சான்றிதழ். தனியார் டிப்ளமோ கடைசிதான். அதிலும் சான்றிதழில் யார் முத்திரை, போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரி, அங்கே எத்தனை டேபிள், பார்த்த கேஸ்களை எழுதும் நோட்டில் கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அன்றைய ஓ.டி. லிஸ்ட்டை, அதாவது ஆபரேஷன் பட்டியலை, பார்க்கலாமா என்றும் கேளுங்கள். மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள்.