பழைய மேக்கின்டாஷ் வாங்குகிறீர்களா? உள்ளே இருக்கும் போர்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

இங்கே அமெரிக்காவில் ஆன்லைனில் ஒருவரிடம் ஆப்பிள் நிறுவனத்தின் பழைய கம்ப்யூட்டரான மேக்கின்டாஷ் எஸ்இ/30 வாங்கி நன்றாக ஏமாந்தேன். 500 டாலர், கூரியர் செலவு தனி. "நல்ல நிலையில் ஓடுகிறது" என்று எழுதியிருந்தார். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டின் படம் கேட்டேன், அதையும் அனுப்பினார். சுத்தமான போர்டு, நெட்வொர்க் கார்டோடு.

வந்து சேர்ந்த மெஷினுக்கு வெளியே மட்டும்தான் பளபளப்பு. 1989-ல் வெளியான மாடல். அந்தக் காலத்து பிளாஸ்டிக் நாளாக நாளாக மஞ்சளாகிவிடும். இவ்வளவு வெளுப்பாக இருந்தால், பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவியிருப்பார்கள். திறந்து பார்த்தால் நெட்வொர்க் கார்டைக் காணோம். மெமரி ஸ்லாட்டில் பாதி காலி. பேட்டரியையும் கழற்றியிருந்தார்கள். அது ஒழுகிய இடத்தில் பச்சையும் நீலமுமாகப் பொருக்கு கட்டி, செப்புத் தடங்கள் அரித்துப் போயிருந்தன. ஆன் செய்தால் திரை முழுக்கக் கோடுகள், வேறொன்றும் இல்லை. எனக்கு அனுப்பிய படம் வேறு மெஷினுடையது! கேட்டால், "பழைய பொருள், ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்.

இந்த அக்கிரமத்துக்குக் காரணம் விலைதான். 1976-ல் 666.66 டாலருக்கு விற்ற, ஆப்பிளின் முதல் கம்ப்யூட்டரான ஆப்பிள்-1 ஒன்று 2013-ல் ஜெர்மனியின் கொலோன் நகர ஏலத்தில் 6,70,000 டாலரையும் தாண்டிப் போனது. ஆப்பிள்-1 மொத்தமே சுமார் 200தான் செய்தார்கள், அது நிஜமாகவே அரிது. ஆனால் அந்தச் செய்திகளுக்கு அப்புறம், பரணில் கிடந்த சாதாரண மெஷினுக்கெல்லாம் "அரிய பொக்கிஷம்" என்று விலை வைக்கிறார்கள். பணக்காரர்கள் கண்ணாடி அலமாரியில் வைக்க வாங்குகிறார்கள். அவர்களுக்கு வெளித்தோற்றம் போதும், ஆன் செய்து பார்ப்பதில்லை. அதனால் விற்பவரும் மேலே மட்டும் மெருகேற்றி, உள்ளே இருப்பதைக் கழற்றித் தனித்தனியாக விற்கிறார். சால்டரிங் அயர்ன் பிடித்து, மெஷினை மறுபடி ஓடவைக்க நினைக்கிற நம்மைப் போன்றவர்கள்தான் அடிபடுகிறோம். எனக்கு இது ரொம்பவே வலிக்கிறது.

இனி வாங்குபவர்கள் வெறும் படத்தை நம்ப வேண்டாம். உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய சீட்டைப் போர்டின் மேல் வைத்து, நடுவில் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்க சீரியல் நம்பர், பேட்டரி இருக்கும் இடம், அதைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்கள், கடைசியில் டெஸ்க்டாப் வரும்வரை திரை, எல்லாம் அதில் தெரிய வேண்டும். "திறக்க ஸ்க்ரூடிரைவர் இல்லை" என்று இழுத்தால் விட்டுவிடுங்கள், வேறு மெஷின் கிடைக்கும்.