ஏலத்தளத்தில் போகும் ஒரு மணி நேரம்: எஃப்எஸ்எஸ்பி மென்பொருளுடன் நான்கு ஆண்டுகள்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் எடுத்துப் புதுச்சேரி உணவகங்களுக்கு அனுப்புவது எங்கள் தொழில். கானாங்கெளுத்தியும் சூரையும்தான் பெரும்பகுதி. இரண்டிலுமே ஹிஸ்டமின் அபாயம் உண்டு; குளிர் போதாத மீனில் பாக்டீரியா உண்டாக்கும், சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை போன்ற உபாதை தரும் பொருள் அது. ஒருமுறை உருவாகிவிட்டால், குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. அந்தப் பயத்தில்தான் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் எஃப்எஸ்எஸ்பி (Food Spoilage and Safety Predictor) என்ற, உணவு கெடுவதையும் அதன் பாதுகாப்பையும் கணிக்கும் மென்பொருளை நான்கு ஆண்டுகளுக்கு முன் கணினியில் ஏற்றினேன்.

மீனோடு பயணம் செய்த டேட்டா லாக்கரின் (வெப்பநிலையைத் தொடர்ந்து குறித்துவைக்கும் சிறு கருவி) பதிவைக் கொடுத்தால், மீன் கெடும் வேகத்தையும், ஹிஸ்டமின் உண்டாக்கும் மார்கனெல்லா பாக்டீரியாவின் பெருக்கத்தையும் கணித்துக் காட்டும். வெப்பமண்டலக் கடல் மீனுக்கென்று தனிச் சமன்பாடு இருப்பது நமக்குப் பெரிய உதவி. அதன்படி 25 டிகிரியில் ஒரு மணி நேரம் கிடந்த மீன், ஐஸில் ஏறத்தாழ 20 மணி நேரம் இருந்த அளவுக்குக் கெடுகிறது. எங்கள் வேலையை மாற்றியது இந்த ஓர் எண்தான். முன்பெல்லாம் வண்டி வரும்வரை கூடையில் காத்திருந்த மீன், இப்போது ஏலம் எடுத்த இடத்திலேயே ஐஸுக்குள் போகிறது.

முதல் ஆண்டில் பெரிய தவறு ஒன்று செய்தேன். லாக்கரை ஐஸ் மேலேயே வைத்துவிட்டேன். திரையில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது; ஆனால் ஓர் உணவகம் ஒரு பெட்டி சூரையைத் திருப்பி அனுப்பியது. நடுவிலிருந்த மீனின் முதுகுச் சதையில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன்: 9 டிகிரி! அதுவரை மென்பொருள் ஐஸுக்குத்தான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது லாக்கரின் உணர்முனை சதைக்குள் இருக்கிறது. பெரிய மீன் என்றால் குடல் நீக்கி வயிற்றுக்குள்ளும் ஐஸ் வைக்கிறோம்.

இன்னும் தீராத குறை, கணக்கின் தொடக்கம். பாக்டீரியாவின் தொடக்க எண்ணிக்கையை நாம்தான் தர வேண்டும். மீன் வலையில் செத்துக் கிடந்த நேரமோ நம் பதிவிலேயே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில், மேற்குக் கரையிலிருந்து லாரியில் வரும் மீனுக்கு இது இன்னும் சிக்கல். ஆகவே கணிப்பைப் பார்த்து மீனை ஒதுக்குவேன். ஏற்பதற்கு அதை மட்டும் நம்ப மாட்டேன். சந்தேகமான சரக்கின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை தனியே வைக்கிறோம்.

இந்த ஆண்டு படகுக்காரர்கள் இருவரிடம் லாக்கர் கொடுத்திருக்கிறேன். வலையை ஏற்றிய நேரத்தை அவர்கள் ஒரு நோட்டில் எழுதியும் தருகிறார்கள்.